மொய் நோட்டு நம்ம கையில், சொசைட்டிக் கணக்கு யார் கையில்?

(கூட்டுறவுச் சங்கத் தேர்தல் கேட்டு நடக்க இருக்கும் தர்ணாவை விளக்கி நடந்த கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் அச்சிட்டிருக்கிறோம்.)

 

நம்ம பக்கத்தில் ஒருத்தருக்கு அவசரமாகப் பணம் வேணும்னா எத்தனை வாசல் இருக்கு? எண்ணிப் பாருங்க. மொய் இருக்கு. சொசைட்டி இருக்கு. பொம்பளைங்களுக்குக் குழு லோன் இருக்கு. தேங்காய் வியாபாரியிடம் அட்வான்ஸ் இருக்கு. ஒண்ணும் நடக்கலைன்னா வட்டிக்காரர் இருக்கார். இந்த ஐந்து வாசலிலும் பத்திரம், நகை எல்லாம் அப்புறம்தான். முதல் கேள்வி, ‘நீ யார் வீட்டு ஆளு, எந்த ஊரு, உனக்கு யார் சொல்லுவா’ என்பதுதான். ஆக, நாம் ஒருத்தரை ஒருத்தர் அறிந்திருக்கிற அறிமுகமே இங்கே பெரிய ஈடு. நிலம் இல்லாதவனுக்கும் அந்த ஈடு இருக்கு. இந்த ஈட்டை வைத்து யார் பிழைக்கிறார்கள், ஊர் பிழைக்கிறதா, ஊருக்கு வெளியே இருக்கிறவன் பிழைக்கிறானா? இதைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

முதலில் மொய் விருந்து. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் இருக்கிற நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் கணக்காக ஒருதரம் சொல்கிறேன், ஏன்னா நாம் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிவிட்டு வந்துவிடுகிறோம், அதை ஒரு வங்கியாக நினைத்துப் பார்த்ததில்லை.

ஆடி பிறந்தால் பந்தல். ஒரே பந்தலில் நாலைந்து குடும்பம் சேர்ந்து, செலவைப் பங்கு போட்டு, கறிச்சோறு போடுகிறார்கள். ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு நோட்டு. ஒருத்தர் செய்தால் அடுத்து ஏறக்குறைய ஐந்து வருசம் கழித்துத்தான் செய்வார். கணக்குக்காக 300 பேர் வந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 2,000 ரூபாய் என்றால் 6 லட்சம். இதில் ஒரு பகுதி, அவர் இதற்கு முன்னால் மற்றவர்களுக்குச் செய்தது திரும்பி வருவது. மிச்சம் புதுக்கடன். ஆயிரம் செய்தவருக்கு நாளைக்கு ஆயிரத்தை மட்டும் திருப்பினால் உறவு அதோடு முடிந்தது என்று அர்த்தம். ஆயிரத்துக்கு மேலே ஒன்று வைத்தால்தான் கணக்கு உயிரோடு இருக்கு.

வட்டி கிடையாது. பத்திரம் கிடையாது. மேனேஜர் கிடையாது. ஆனால் வாராக்கடன் ரொம்பக் குறைவு. எப்படி? நோட்டில் பேர் இருக்கு, ஊர் இருக்கு, தொகை இருக்கு. திருப்பாதவன் அடுத்த கல்யாணத்துக்கு எந்த முகத்தோடு போவான்? அந்தப் பணத்தில்தான் இங்கே போர் போட்டோம். மகளைப் பட்டப்படிப்பு படிக்கவைத்தோம். சிங்கப்பூர், வளைகுடா விசாவுக்குக் கட்டினோம். லாரி வாங்கினவர் இருக்கார், கடை வைத்தவர் இருக்கார். எந்தத் திட்டக் கமிஷனும் போட்டுக்கொடுத்த திட்டம் இல்லை இது. படித்தவர்கள் சிலர் இதை மூடப்பழக்கம், வீண் தண்டச்செலவு என்கிறார்கள். அவர்கள் வங்கி வாசலில் ஒரு சிறு விவசாயி எத்தனை தடவை செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான் என்று எண்ணவில்லை.

மொய்யைப் புகழ்ந்தாச்சு. அதில் ஓட்டை எங்கே என்பதையும் சொல்லத்தானே வேணும்.

2018 நவம்பர் 16. கஜா. அந்த ராத்திரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. விடிஞ்சப்போ தென்னை எல்லாம் படுத்துக்கிடந்தது. அரசு மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அறிவித்தது, அதில் 500 விழுந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்துவதற்கு. புதுக்கன்று காய்க்க ஐந்தாறு வருசம். அதற்கு அடுத்த ஆடிகளில் மொய் என்ன ஆச்சு? விருந்துகள் குறைந்தன, வசூல் சுருங்கியது. 2020-ல் கொரோனா வந்து பந்தலே போட முடியவில்லை. ஏன் இப்படி ஆச்சு? எவனும் ஏமாற்றவில்லை. எனக்குக் கொடுக்க வேண்டிய மாமனுக்கும் தென்னை விழுந்துவிட்டது, மாமனுக்குக் கொடுக்க வேண்டிய மச்சானுக்கும் விழுந்துவிட்டது. ஒரு வீட்டில் சாவு, ஒரு வீட்டில் மாடு செத்துப்போச்சு என்றால் ஊர் தாங்கும். ஊரே விழுந்தால் ஊரை யார் தாங்குவது? ஒரே ஊர், ஒரே சனம், ஒரே பயிர் என்று இருக்கிற உறவு, புயல் வரும்போது ஒன்றாகவே விழுகிறது.

இன்னொரு ஓட்டையும் இருக்கு. சொந்தபந்தம் பெருத்தவனுக்குப் பெரிய நோட்டு. ஒற்றை வீட்டுக்காரனுக்குச் சின்ன நோட்டு. புருசன் செத்துப்போன அக்கா ஒருத்தி, இருபது வருசமாக மற்றவர்களுக்குச் செய்தது எல்லாம் புருசன் பேரில் இருக்கு என்று அலைவதைப் பார்த்திருக்கோம். ஆதிதிராவிடர் தெருவில் இருக்கிற விவசாயத் தொழிலாளிக்கும் குத்தகைதாரனுக்கும் இந்தப் பந்தலில் மேசை உண்டா? உண்மையைச் சொல்லுங்க. வேலை செய்ய வருவார், மொய்க் கணக்கில் வருவதில்லை. உள்ளே இருப்பவனுக்குச் சொந்தம், வெளியே இருப்பவனுக்குச் சுவர்.

இது நம்ம பகுதியில் மட்டும் நடக்கிற சங்கதி இல்லை. நம்ம பிள்ளைகள் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போகிறார்கள். அங்கே விவசாயக் குடும்பத்தில் இருந்து வந்தவர்கள்தான் கம்பெனி முதலாளிகளாக ஆனார்கள். எப்படி? சொந்தக்காரர்கள் ஒருத்தருக்கு ஒருத்தர் பணம் கொடுத்து, ஆர்டர் கொடுத்து, கூட்டுப் போட்டுத் தூக்கிவிட்டார்கள். அது பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் அபிஜித் பானர்ஜி, கைவான் முன்ஷி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் திருப்பூரை ஆராய்ந்து 2004-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பானர்ஜி 2019-ல் நோபல் பரிசு வாங்கியவர். உள்ளூர்ச் சமூகத்துக்காரர்கள் கம்பெனி தொடங்கும்போது அவர்களிடம் முதல் அதிகம் இருந்தது. வெளியிலிருந்து வந்தவர்களிடம் முதல் குறைவு. ஆனால் ஏற்றுமதி வேகமாக வளர்ந்தது வெளியாட்கள் கம்பெனிகளில். அதாவது, பணம் சொந்தத்தின் வழியே மட்டும் ஓடினால், திறமை இருக்கிற எல்லார் கைக்கும் அது போய்ச்சேராது. வாய்க்காலில் தலைமடைக்காரன் வயல் நிரம்பி வழியும்போது கடைமடை காய்கிற கதைதான். கல்லணைக் கால்வாயின் கடைசியில் உட்கார்ந்திருக்கிற நமக்கு இது புரியாதா?

அப்படியானால் உறவை விட்டுவிட வேண்டுமா? கூடாது. உறவை அப்படியே வைத்துக்கொண்டு கதவை அகலப்படுத்த வேண்டும், ஊருக்கு வெளியிலும் ஒரு கயிறு கட்ட வேண்டும். இதைச் செய்வதற்குத்தான் கூட்டுறவுச் சங்கம் என்ற ஒன்று வந்தது.

வெள்ளைக்காரன் காலத்தில் சென்னை மாகாண அரசு பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியிடம், விவசாயியின் கந்துவட்டிக் கடனுக்கு வழி பார்க்கச் சொன்னது. அவர் 1895-லும் 1897-லும் அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் தொடங்கிய கிராமச் சங்கங்களை அவர் எடுத்துக்காட்டினார். அந்தச் சங்கங்களின் சூட்சுமம் என்ன? பரப்பு சின்னதாக இருக்கணும், எல்லாரும் எல்லாரையும் அறிந்திருக்கணும், ஒருத்தர் கடனுக்கு எல்லாரும் பொறுப்பு. நம்ம மொய்யில் இருக்கிற அதே சூட்சுமம்! 1904-ல் சட்டம் வந்தது. அதே வருசம் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் சங்கம் பதிவானது. நாட்டிலேயே முதல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் என்று அதைச் சொல்கிறார்கள். இன்றைக்குத் தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட தொடக்கச் சங்கங்கள் நாலாயிரத்துக்கு மேல். அதற்கு மேலே மாவட்ட மத்திய வங்கி, அதற்கு மேலே மாநிலத் தலைமை வங்கி. பேராவூரணியில் புயலடித்தால் புயலடிக்காத இடத்துப் பணம் இங்கே வர வழி இருக்கு. மொய்யில் இல்லாத கயிறு இதுதான்.

இந்தக் கயிறு எவ்வளவு பெரியது என்று பாருங்க. 2006-ல் கூட்டுறவுக் கடன் 6,866 கோடி தள்ளுபடி. 2016-ல் சிறு, குறு விவசாயிகளுக்கு 5,780 கோடி. 2021 பிப்ரவரியில் 12,110 கோடி, 16 லட்சத்து 43 ஆயிரம் விவசாயிகள். நாம் போராடினோம், கிடைத்தது. ஆனால் கிடைத்தது யாருக்கு? சொசைட்டியில் உறுப்பினராக இருந்து, கடன் பேரேட்டில் பேர் இருந்தவருக்கு. மொய்யில் வாங்கினவனுக்குத் தள்ளுபடி உண்டா? வாய்ப்பேச்சில் குத்தகைக்கு ஓட்டினவனுக்கு? அடங்கல் அவன் பேரில் வராது, அடங்கல் இல்லாமல் பயிர்க்கடன் இல்லை, கடன் இல்லாதவனுக்கு எதைத் தள்ளுபடி செய்வது? குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் 1969-லேயே வந்துவிட்டது. பதிவு செய்யப் போனால் நிலக்காரர் அடுத்த போகத்துக்கு நிலத்தைக் கொடுக்க மாட்டார். பாடுபட்டவன் ஒருத்தன், தள்ளுபடி வாங்கினவன் ஒருத்தன் என்று எத்தனை ஊரில் நடந்தது!

இன்னும் ஒரு வாசல், குழு லோன். தாய்மார்கள் கவனிக்கணும். மகளிர் சுயஉதவிக்குழு என்பது வேறு. 1989-ல் தர்மபுரியில் அரசு தொடங்கியது. உங்க சேமிப்பு, உங்க தீர்மானம், உங்க நோட்டு. அதைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே கம்பெனிகள் வந்தன. அவர்களும் ஐந்து பேர், பத்து பேர் என்று உட்காரவைத்தார்கள். போட்டோ பிடித்தார்கள். ஆதார் வாங்கினார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டணும். பார்த்தீர்களா தந்திரத்தை? ரைஃபைசன் சொன்ன கூட்டுப் பொறுப்பு அப்படியே இருக்கு, ஆனால் லாபம் மட்டும் ஊரை விட்டுப் போய்விட்டது. கஜா அடித்து ஓடு பறந்த வீட்டு வாசலில் வந்து தவணைக்கு உட்கார்ந்தார்கள். அவன் கேட்பதில்லை, பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்கவைக்கிறான். இருபது வருசச் சிநேகிதம் ஒரு வாரத் தவணையில் முறிகிறது. கட்டாய வசூலைத் தடுக்க 2025-ல் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. நல்லது. ஆனால் சொசைட்டி உரிய நேரத்தில் ஒரு பத்தாயிரம் கொடுத்திருந்தால் எந்த அக்கா அந்தப் பாயில் போய் உட்கார்ந்திருப்பாள்?

தேங்காய்க்கு வருவோம். வியாபாரி அட்வான்ஸ் கொடுக்கிறார். வெட்டும்போது அவர் வைத்ததுதான் விலை. எண்ணும்போது ‘லாபக்காய்’ என்று ஆயிரத்துக்கு மேலே தனியாக ஒரு குவியல் எடுக்கிறார். யாருக்கு லாபம்? கேட்டால் வழக்கம் என்கிறார். இந்த வழக்கத்தை எந்த அரசாணையும் போடவில்லை. நாம் தனித்தனியாக விற்கிறோம், அவர்கள் ஒரே பேச்சில் வாங்குகிறார்கள். அவர்களுக்குள் சங்கம் இருக்கு, நமக்குத்தான் மாமன் மச்சான் மட்டும் இருக்கு.

குஜராத்தில் கேடா மாவட்டத்துப் பால்காரர்கள் இதே நிலைமையில் இருந்தார்கள். பம்பாய்க்குப் பால் அனுப்ப ஒரே கம்பெனிக்கு உரிமை. அவன் சொன்ன விலை. வல்லபாய் படேல் சொன்ன யோசனைப்படி, திரிபுவன்தாஸ் படேல் ஊர் ஊராகப் போய்ப் பேசி, 15 நாள் ஒருத்தரும் பால் ஊற்றாமல் நின்றார்கள். பம்பாய்க்குப் பால் போகவில்லை. 1946-ல் அவர்கள் சங்கம் பதிவாயிற்று. அதுதான் பின்னால் அமுல் ஆனது. நமக்கு இதில் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கு. காலையில் பால் ஊற்றும் வரிசை. முன்னால் வந்தவர் முன்னால். எந்தத் தெரு, எந்தச் சாதி என்று பால்மானிக்குத் தெரியாது. பத்து மாட்டுக்காரன் பாலும் ஒற்றை மாட்டுக்காரி பாலும் ஒரே அளவையில் போகிறது, கொழுப்புக்குத் தகுந்த காசு. தினம் இரண்டு வேளை அப்படி வரிசையில் நின்று பழகினவர்களுக்கு விலைக்காக ஒன்றாக நிற்பது பெரிய காரியமாக இருக்குமா?

நம்மாலும் முடியும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். கஜாவுக்கு அடுத்த வருசம், 2019-ல், பேராவூரணி பெரிய குளத்தை யார் தூர்வாரினார்கள்? ஐந்நூறு ஏக்கருக்கு மேற்பட்ட குளம். உள்ளூர் இளைஞர்கள் சங்கமாகச் சேர்ந்து, வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் பணம் அனுப்ப, ஊர்ச் சனம் கொடுத்ததையும் சேர்த்து வேலையைத் தொடங்கினார்கள். அதைப் பார்த்துச் சுற்றுவட்டாரத்தில் வரத்து வாரியையும் குளத்தையும் தேடிப் பல ஊர்க்காரர்கள் கிளம்பினார்கள். தென்னை விழுந்து கையில் காசில்லாத வருசம் அது! அதே காலத்தில் அரசின் குடிமராமத்துத் திட்டமும் நடந்தது. ஆயக்கட்டுதாரர் சங்கம் பத்தில் ஒரு பங்கு போட வேண்டும் என்று விதி. சங்கம் உயிரோடு இருந்த இடத்தில் கரை தெரிந்தது. லெட்டர்பேடில் மட்டும் சங்கம் இருந்த இடத்தில் போர்டு தெரிந்தது.

இனி நம்ம சொசைட்டி விசயம். சங்கம் இருக்கு, கட்டடம் இருக்கு, உறுப்பினர் பட்டியல் இருக்கு. நிர்வாகக் குழு? 2001-ல் தனி அதிகாரி வந்து உட்கார்ந்தார். பெரும்பாலான சங்கங்களில் 2013 வரை இதே கதை. 2013-லும் 2018-லும் தேர்தல் நடந்தது. நடந்த லட்சணத்தைப் பல ஊர்களில் பார்த்தோம், வேட்புமனு வாங்கும் நாளே கதவு சாத்தியிருந்தது. அதுவும் 2023-ல் ஐந்தாண்டு முடிந்து, மறுபடியும் தனி அதிகாரி. 97-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 2012-ல் அமலுக்கு வந்தபோது, குழுவைக் கலைத்துவிட்டு ஆறு மாதத்துக்கு மேல் இழுக்க முடியாது என்று சந்தோசப்பட்டோம். மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் பெறவில்லை என்ற காரணத்தால், மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களைப் பொறுத்தவரை அந்தப் பகுதி செல்லாது என்று 2021 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரி. ஆனால் கூட்டுறவுச் சங்கம் அமைப்பது அடிப்படை உரிமை என்ற வார்த்தை அரசியல் சட்டத்தில் அப்படியே இருக்கு. நம்ம மாநிலத்தின் 1983-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டமும் இருக்கு. தேர்தல் வைக்காதே என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

‘தேர்தல் வைத்தால் ஒரே குடும்பம் பிடித்துக்கொள்ளும், நகைக்கடனில் கவரிங் வைப்பான்’ என்று சில அதிகாரிகள் சொல்கிறார்கள். அந்தப் பயம் எனக்கும் இருக்கு. மறைக்க மாட்டேன். சொந்தக்காரர்களே தலைவர், செயலாளர், எடைபோடுகிறவர் என்று உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். இதற்கு மருந்து 1,100 வருசத்துக்கு முன்னாலேயே கல்லில் வெட்டிவைத்திருக்கிறான். உத்திரமேரூர்க் கல்வெட்டு, முதலாம் பராந்தகன் காலம், 919, 921. ஏரி வாரியம் என்று ஏரிக்கே தனிக் குழு. ஊர் 30 குடும்பு, குடவோலை போட்டுத் தேர்வு. ஏற்கெனவே வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவன் நெருங்கிய உறவும் நிற்க முடியாது! அந்தச் சபையைப் பொன்னுலகமாக நான் காட்டவில்லை. அது பிராமண ஊர்ச்சபை, கால்வேலிக்கு மேல் நிலம் இருக்கிறவனுக்குத்தான் உள்ளே இடம், பெண்ணுக்கு இடமே இல்லை. அந்தப் பூட்டை உடைப்போம், கணக்குக் காட்டும் விதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். மொய் வீட்டில் ராத்திரியோடு ராத்திரியாக ஆயிரம் பேர் கணக்கை எழுதி முடிக்கிறவர்கள் நாம். சொசைட்டிக் கணக்கை வருசத்துக்கு ஒருதரம் பேரவைக் கூட்டத்தில் சத்தமாகப் படிக்க முடியாதா?

ஆகவே நாம் கேட்பது இது. நம்ம சொசைட்டிக்குத் தேர்தல் தேதியை அறிவி. தேர்தலுக்கு முன்னால் உறுப்பினர் சேர்க்கையைத் திற, சாகுபடி செய்கிற எவருக்கும், குத்தகைக்கு ஓட்டுகிறவருக்கும், பெண்களுக்கும், ஆதிதிராவிடர் தெருவில் இருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் உறுப்பினர் விண்ணப்பம் கொடு. கடன், உரம், நகை ஏலம் மூன்றின் கணக்கையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டு. சொசைட்டி வழியாகத் தேங்காய் வாங்கு, எடையில் வாங்கு, லாபக்காய்க்கு முற்றுப்புள்ளி வை.

தர்ணா அன்றைக்குக் காலை பத்து மணிக்கு எல்லாரும் சொசைட்டி வாசலில் இருக்கணும். வரும்போது வெறுங்கையோடு வராதீங்க. உறுப்பினர் அட்டை இருந்தால் அட்டை, கடன் பாஸ்புத்தகம், பயிர்க்கடன் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டிருந்தால் அந்த மனுவின் நகல். உறுப்பினராக இல்லாதவர்கள் ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், இரண்டு போட்டோ கொண்டுவரணும், விண்ணப்பத்தை அங்கேயே எழுதி, எல்லாரும் பார்க்கக் கொடுத்துவிட்டு, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் எழுந்திருப்போம். குத்தகை ஓட்டுகிறவர்கள் எந்தச் சர்வே எண், எத்தனை போகமாக என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாங்க. பேர் வெளியே தெரியக்கூடாது என்று நினைக்கிறவர்கள் அதைக் கிளைச் செயலாளர் கையில் கொடுத்தால் போதும். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக்கொடுக்கப் படித்த பிள்ளைகள் பத்துப் பேர் பேனாவோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு ஊரிலிருந்தும் மொய்க் கணக்கு எழுதுகிற ஒருத்தரை மறக்காமல் கூட்டிவாங்க. அவர்தான் நமக்குத் தணிக்கையாளர்.